ஈறு ஒட்டு: அறுவை ஒரு மணி நேரம், ஆறுவது பல வாரம்

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். பல் போவதற்கு வெகுகாலம் முன்பே ஈறு போகத் தொடங்கிவிடுகிறது. வலியில்லாமல் போவதால் நாம்தான் கவனிப்பதில்லை. என் கதையும் அதுவே.

மேல் இடப்பக்கக் கோரைப்பல்லுக்கும் அதை அடுத்த பல்லுக்கும் எனக்கு ஈறு ஒட்டு அறுவை நடந்தது. வீடு திரும்பும்போது கையில் ஓர் அறிவுரைத் தாள் கொடுத்தார்கள். ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் மராத்தி. என்னைக் கவனித்துக்கொள்ள வந்த மாமியாருக்கு இரண்டும் படிக்க வராது. ஊரிலிருந்து அம்மாவோ, "மஞ்சள் பொடியை அப்பு, உப்புத் தண்ணீர் போட்டு நன்றாகக் கொப்பளி" என்று தொலைபேசியில் சொன்னபடி இருந்தார். அன்பினால் சொன்னதுதான். ஆனால் அன்றைய தினம் அதைச் செய்திருந்தால் ஒட்டு பிழைத்திராது. நம் மும்பைக் குடும்பங்கள் பலவற்றிலும் இதே நிலைதான் இருக்கும். ஆகவே தாளில் இருந்ததையும், மருத்துவர் விளக்கியதையும், நான் செய்த ஒரு தவற்றையும் சேர்த்து இங்கே ஒரு பாடமாகத் தருகிறேன்.

1. ஈறு ஏன் இறங்குகிறது?

பல்லின் வெளியே தெரியும் பகுதிக்கு எனாமல் என்ற கெட்டியான கவசம் உண்டு. வேருக்கு அது கிடையாது. வேரை மூடிக் காப்பது ஈறு. ஈறு இறங்கியதும் வேர் வெளியே தெரிகிறது. பல் நீண்டுவிட்டதைப் போல இருக்கும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்று கூசும். வேர்ப்பகுதி எளிதில் தேயும், சொத்தையும் விழும்.

காரணங்கள் பல. பல்லில் படியும் அழுக்கு காரையாக இறுகி ஈற்றுநோயை உண்டாக்குவது ஒன்று. கெட்டியான பிரஷ்ஷை வைத்துப் பாத்திரம் துலக்குவதுபோல் குறுக்கே தேய்ப்பது மற்றொன்று. வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இடப்பக்கப் பற்களில் அழுத்தம் கூடுதலாக விழுவதுண்டு. எனக்கு நேர்ந்தது இதுதான். பிறவியிலேயே ஈறு மெல்லியதாக இருப்பது, பல் வரிசை தவறி முன்தள்ளி இருப்பது, புகையிலைப் பழக்கம் ஆகியவையும் காரணமாகலாம்.

இந்தப் பக்கத்தில் கருக்கிய புகையிலைத் தூளான மிஸ்ரியால் பல் தேய்க்கும் வழக்கம் உண்டு. கிழக்கிலும் வடக்கிலும் குல் என்ற தூள். நம்மவர் சிலரும் அக்கம்பக்கம் பார்த்துப் பழகிக்கொண்டார்கள். பற்பசையிலும் பற்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசு 1992இல் தடை செய்தது. அப்படியும் பழக்கம் முற்றிலும் ஒழியவில்லை. ஈறு சுத்தமாவதாக நினைத்துச் செய்வது ஈற்றையே அரிக்கிறது.

2. எல்லோருக்கும் ஒட்டு தேவையா?

தேவையில்லை. இறங்கிய ஈறு தானாக மீண்டும் ஏறாது என்பது உண்மை. ஆனால் இறக்கம் சிறிதாக இருந்து, கூச்சமும் இல்லாமல், மேலும் இறங்காமலும் இருந்தால் தேய்க்கும் முறையை மாற்றிக்கொண்டு கவனித்து வந்தாலே போதும். இறக்கம் கூடிக்கொண்டே போவது, கூச்சம் தாங்க முடியாமல் இருப்பது, வேரில் சொத்தை விழும் நிலை, பார்வைக்கு உறுத்துவது ஆகியவை இருந்தால் ஒட்டு பற்றி யோசிப்பார்கள்.

இங்கே ஒரு முக்கியமான செய்தி. பல்லுக்குப் பல் இடையிலுள்ள எலும்பும் ஈறும் நன்றாக இருந்தால்தான் வேர் முழுவதையும் மூட முடியும். அவை கரைந்திருந்தால் ஓரளவே மூடலாம், மிகவும் கரைந்திருந்தால் அதுவும் இயலாது. மில்லர் என்ற அமெரிக்க நிபுணர் 1985இல் இதை நான்கு வகுப்புகளாகப் பிரித்தார். "என் பல்லில் எவ்வளவு மூட முடியும்?" என்று அறுவைக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

3. ஒட்டு என்றால் என்ன?

சேலம் பக்கம் எங்கள் பெரியப்பா மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுவார். நாட்டுக் கன்றின் தண்டைச் சீவி, நல்ல ஜாதி மரத்துக் குச்சியைச் செருகி, இறுகக் கட்டி நிழலில் வைப்பார். "இனி யாரும் தொடக்கூடாது" என்பார். ஒட்டியதா என்று பார்க்கும் ஆசையில் சிறுவயதில் நான் ஒரு குச்சியை அசைத்துப் பார்த்தேன். அது மட்டும் கருகிப் போனது.

ஈறு ஒட்டும் அப்படித்தான். மேலண்ணத்திலிருந்து ஏறக்குறைய 1 முதல் 1.5 மில்லிமீட்டர் கனமுள்ள சிறு திசுவை எடுத்து, வேர் தெரியும் இடத்தில் வைத்துத் தைக்கிறார்கள். இதில் இரண்டு முறைகள் அதிகம் வழங்குகின்றன. மேல்தோலோடு சேர்த்து எடுத்து வைப்பது பழைய முறை. அண்ணத்தில் சிராய்ப்பு போன்ற திறந்த புண் இருக்கும், ஆற 2 முதல் 4 வாரம் ஆகும். மேல்தோலை மூடிபோல் திறந்து, உள்ளிருக்கும் திசுவை மட்டும் எடுத்து, மூடியைத் திரும்பத் தைத்துவிடுவது மற்றது. எடுத்த திசுவை ஈற்றுக்கு அடியில் செருகி, ஈற்றை அதன்மேல் இழுத்துத் தைப்பார்கள். எனக்குச் செய்தது இந்த இரண்டாவது முறை.

எடுத்து வைத்த திசுவுக்கு முதல் இரண்டு மூன்று நாட்கள் இரத்த ஓட்டமே கிடையாது. அடியிலிருந்து கசியும் நீரைக் கொண்டு உயிர் வாழ்கிறது. பிறகு பக்கத்துச் சதையிலிருந்து மயிரிழை போன்ற இரத்தக் குழாய்கள் அதற்குள் வளர்கின்றன. ஒன்றிரண்டு வாரத்தில் இரத்த ஓட்டம் நிலைபெறுகிறது. வேரிலிருந்து அதற்கு எதுவும் கிடைக்காது, சுற்றியுள்ள சதைதான் ஊட்டுகிறது. இந்த நாட்களில் ஒட்டு அசைந்தால் அந்த மயிரிழைகள் அறுந்துபோகும். பின்வரும் அறிவுரைகள் எல்லாவற்றுக்கும் காரணம் இது ஒன்றே.

4. அறுவைக்கு முன்னும் அன்றும்

முதலில் பற்களைச் சுத்தம் செய்து, ஈற்றில் வீக்கம் இருந்தால் அதைத் தணிப்பார்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய், கர்ப்பம், மருந்து ஒவ்வாமை எதையும் மறைக்காதீர்கள். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தாமாக அதை நிறுத்தக்கூடாது, இரு மருத்துவர்களையும் கேட்டே முடிவு செய்ய வேண்டும். பீடி, சிகரெட், குட்கா அனைத்தையும் முன்கூட்டியே விட்டுவிட வேண்டும். புகையிலை இரத்தக் குழாய்களைச் சுருக்கி ஒட்டைப் பட்டினி போடுகிறது.

அறுவை நடந்தது பல் மருத்துவர் நாற்காலியில்தான். மரத்துப்போக ஊசி போட்டார்கள். அண்ணத்தில் போட்ட ஊசிதான் சற்று வலித்தது. அதன்பின் இழுப்பதும் அழுத்துவதும் தெரிந்தனவே தவிர வலி தெரியவில்லை. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனது.

5. ஆறும் காலம்

முதல் நாள்: துப்பக்கூடாது, கொப்பளிக்கக்கூடாது, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக்கூடாது. எச்சிலில் இலேசாக இரத்தம் கலந்து வருவது இயல்பு. கன்னத்தின் வெளிப்புறம் ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, எடுத்து, மீண்டும் வைக்கலாம். தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். மரப்பு போகும்வரை சூடாக எதுவும் வேண்டாம்.

2, 3ஆம் நாட்கள்: வீக்கம் அதிகமாகத் தெரியும் காலம் இது, பயப்பட வேண்டாம். எழுதித் தந்த மாத்திரைகளை வேளை தவறாமல் சாப்பிட வேண்டும். குளோர்ஹெக்சிடின் மருந்துத் தண்ணீரை மருத்துவர் சொன்ன நாளிலிருந்து காலையும் இரவும் வாயில் வைத்திருந்து, தலையை மெல்லச் சாய்த்து, தானாக வழியவிட வேண்டும். பல்லில் பழுப்புக் கறை படியலாம், நாக்கில் ருசி மாறலாம். இரண்டும் பின்னால் சரியாகிவிடும்.

உணவு: குழைந்த தயிர் சாதம், ஆறிய கஞ்சி, கூழ், நன்றாக மசித்த இட்லி, காரமில்லாத பருப்பு சாதம். எதிர்வீட்டு மராத்தி ஆஜி தினமும் பாசிப்பருப்புக் கிச்சடி குழைத்து அனுப்பினார், அதுவே எனக்கு அமிர்தம். அப்பளம், முறுக்கு, பொரி, காரச் சட்னி, புளிப்பான பழச்சாறு ஆகாது. மறுபக்கமாக மெல்ல வேண்டும்.

4 முதல் 14ஆம் நாள் வரை: ஒட்டு வெளுத்தோ சாம்பல் படர்ந்தோ தோன்றலாம். மேல்தோல் உரிவதால் அப்படித் தெரிகிறது, பெரும்பாலும் அது கெட்டுவிட்டதற்கு அடையாளம் அல்ல. அந்த இடத்தில் பிரஷ் படக்கூடாது, மற்றப் பற்களை வழக்கம்போல் துலக்கலாம். 10 முதல் 14 நாட்களில் தையல் பிரிப்பார்கள். கூட்டமான லோக்கல் ரயிலில் ஒரு முழங்கை இடித்தால் போதும் என்பதால் நான் ஒரு வாரம் வேலைக்கு விடுப்பு எடுத்தேன்.

பிறகு: மருத்துவர் அனுமதித்த பின் மிக மென்மையான பிரஷ்ஷால், ஈற்றிலிருந்து பல்லை நோக்கித் தடவுவதுபோல் துலக்க வேண்டும். ஈற்றின் நிறமும் வடிவமும் படிந்து முடிய ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம்.

6. நான் செய்த தவறு

நான்காம் நாள் நாத்தனார் வீடியோவில் அழைத்தாள். "எங்கே, காட்டு அண்ணி" என்றாள். வலி குறைந்திருந்த தைரியத்தில் உதட்டை விரலால் தூக்கிக் காட்டினேன். ஏதோ சுண்டியதுபோல் இருந்தது, பின் இரத்தம் கசிந்தது. மறுநாள் பார்த்த மருத்துவர், ஒரு தையல் தளர்ந்திருப்பதாகச் சொன்னார். அவர் திட்டவில்லை. "இனிமேலாவது அதை விட்டுவிடுங்கள்" என்றார். பெரியப்பாவின் மாங்கன்று அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது கோரைப்பல் வேர் முழுவதும் மூடியிருந்தது. பக்கத்துப் பல்லில் 1 மில்லிமீட்டர் அளவு இன்னும் தெரிகிறது. அது என் விரலால்தான் ஆனதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். கண்ணாடியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் விரல்தான் நினைவுக்கு வருகிறது.

7. உடனே மருத்துவரை அழைக்க வேண்டியவை

அண்ணத்தில் இரத்தம் வந்தால் ஈரமான சுத்தத் துணியை மடித்து 20 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக்கூடாது. அப்படியும் நிற்காவிட்டாலோ, காய்ச்சல், சீழ், மூன்றாம் நாளுக்குப் பின்னும் கூடிக்கொண்டே போகும் வீக்கம், ஒட்டு ஆடுவது ஆகியவை இருந்தாலோ உடனே அழைக்க வேண்டும். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்கே போய்விடுங்கள்.

8. எங்கே போவது?

ஈற்றுநோய்க்கென்றே மேற்படிப்பு முடித்த நிபுணர்கள் இருக்கிறார்கள். தனியார் கட்டணம் இயலாதவர்கள் அரசு, மாநகராட்சி பல் மருத்துவக் கல்லூரிகளை அணுகலாம். மும்பையில் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை வளாகத்தில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியும், மும்பை சென்ட்ரலில் நாயர் பல் மருத்துவக் கல்லூரியும் உள்ளன. தில்லி உறவினர்களுக்கு மௌலானா ஆசாத் பல் அறிவியல் கழகம், கொல்கத்தாவில் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரி.

உங்களைச் சோதித்துக்கொள்ள

அ) முதல் நாள் ஏன் கொப்பளிக்கக்கூடாது? ஆ) ஒட்டு வெளுத்துத் தெரிந்தால் என்ன பொருள்? இ) இரத்தக் கசிவை எத்தனை நிமிடம் அழுத்த வேண்டும்? விடைகள் பாடத்திலேயே இருக்கின்றன. வீட்டில் யாருக்கேனும் இந்த அறுவை என்றால், ஐந்தாவது பகுதியைப் பெரியவர்களுக்கு முதலில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். பழைய கெட்டி பிரஷ்ஷை இன்றே தூக்கி எறியுங்கள். காரணத்தை மாற்றாவிட்டால் ஒட்டிய ஈறும் ஒருநாள் இறங்கிவிடும்.