கரி வளர்த்த சிற்றூர்

ஊர்கள் தோன்றுதற்குக் காரணங்கள் பல. ஆற்றுநீரை நம்பித் தோன்றிய ஊர்கள் உள. கோயிலைச் சூழ்ந்து வளர்ந்த ஊர்கள் உள. கடல்துறையால் பெருகிய பட்டினங்களும் உள. மண்ணின் மேலுள்ள வளத்தை நோக்காது, மண்ணின் அடியிலுள்ள வளம் ஒன்றையே நம்பி எழுந்த ஊர்களும் உலகில் உண்டு. இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள நியூ ஹார்ட்லி என்னும் சிற்றூர் அவற்றுள் ஒன்று. அளவிற் சிறியதாயினும், அவ்வூர் பெற்ற துன்பமும் அத்துன்பத்தின் பயனாக உலகம் பெற்ற பாடமும் பெரியன. அதன் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

ஊரின் இருப்பு

இங்கிலாந்து நாட்டின் வடகிழக்கு மூலையில் நார்தம்பர்லாந்து என்னும் மாவட்டம் அமைந்துள்ளது. அதன் கிழக்கெல்லை வடகடல். மாவட்டத்தின் தென்பகுதியில், நியூகாசில் நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழப் பத்து மைல் தொலைவில், கடலுக்கு அண்மையில் நியூ ஹார்ட்லி உள்ளது. நிலம் பெரும்பாலும் சமவெளி, மலை இல்லை, பேராறும் இல்லை. கடற்காற்று தடையின்றி வீசும். மாரிக்காலத்தில் குளிர் கடுமையாக இருக்கும்.

மேலே எளிய புல்வெளியாகத் தோன்றும் அந்நிலத்தின் அடியில் அளவிறந்த செல்வம் மறைந்து கிடந்தது. முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அப்பகுதி சதுப்புக்காடாக இருந்தது. அக்காட்டு மரங்கள் வீழ்ந்து, சேற்றில் புதைந்து, மேலே படிந்த மண்ணின் அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் நிலக்கரியாக மாறின. மணலும் களிமண்ணும் இறுகிய பாறைகளுக்கு இடையிடையே, ஏட்டுச்சுவடியின் ஏடுகள்போல, கரிப்படுகைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டன. அப்படுகைகளே பிற்காலத்தில் அவ்வட்டாரத்தின் வாழ்வையும் தாழ்வையும் வகுத்தன.

துறைமுகமும் மாளிகையும்

ஹார்ட்லி என்ற பெயர் முதலில் கடற்கரையை ஒட்டிய பழைய ஊருக்கு வழங்கியது. அதன் அருகே சீட்டன் பர்ன் என்னும் சிற்றாறு கடலிற் கலக்கிறது. அவ்வட்டாரம் டெலவல் என்னும் நிலக்கிழார் குடும்பத்திற்கு உரியதாய் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் ராஃல்ப் டெலவல் என்பவர் அக்கழிமுகத்தில் சிறு துறைமுகம் ஒன்றை அமைத்தார். அலையால் வந்து சேரும் மணல் துறையை அடிக்கடி தூர்த்தது. ஆதலின், அவர் ஆற்றின் குறுக்கே மதகு ஒன்றை நிறுவினார். கடல் ஏறும்போது நீரைத் தேக்கி, கடல் வற்றும்போது திறந்துவிட்டால், பாய்ந்து செல்லும் நீர் மணலை அரித்துச் செல்லும். இம்மதகின் பெயராலேயே அவ்வூர் சீட்டன் சுலூஸ் எனப்பட்டது. பின்னர் 1760-களில் அக்குடும்பத்தார் கடற்கரைப் பாறையைக் குடைந்து, ஏறத்தாழ 900 அடி நீளமுள்ள புதிய வாய்க்கால் ஒன்றை வெட்டினர். கரி, உப்பு, கண்ணாடிப் புட்டி ஆகியன அதன் வழியாகக் கப்பலேறின.

இவ்வளத்தினால் எழுந்ததே சீட்டன் டெலவல் மாளிகை. ஜான் வான்புரூ என்னும் சிற்ப அறிஞர் வகுத்த வரைபடத்தின்படி, 1718 முதல் 1728 வரை அது கட்டப்பட்டது. இன்றும் அது காண்போரை வியப்பில் ஆழ்த்துகிறது. ஆயின் மாளிகையின் ஒளிக்கு எண்ணெய் வார்த்தோர் மண்ணுக்கடியில் இருளில் உழைத்த தொழிலாளர் என்பதை நாம் மறத்தலாகாது.

புதிய சுரங்கம்

ஹார்ட்லியில் முன்பு இருந்த சுரங்கம் ஒன்றில் நீர் புகுந்தமையால், 1844-ஆம் ஆண்டில் அது கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டில், கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளிப் புதிய கிணறு ஒன்று தோண்டத் தொடங்கினர். அதற்கு ஹெஸ்டர் குழி எனப் பெயரிட்டனர். அதனைச் சூழ்ந்து தொழிலாளர் குடியிருக்க வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. அக்குடியிருப்பே நியூ ஹார்ட்லி. ஆகவே, அவ்வூரின் தாய் சுரங்கமே எனலாம்.

சுரங்கக் கிணறு ஏறத்தாழ 12 அடி அகலமும் 600 அடி ஆழமும் உடையது. ஆட்கள் இறங்குவதும் ஏறுவதும் அதன் வழியே. கரி மேலே வருவதும் அதன் வழியே. நீரை இறைப்பதும் அதன் வழியே. மூச்சுவிடும் காற்று சென்று மீள்வதும் அதன் வழியே. இத்தனைக்கும் கிணறு ஒன்றே. இரண்டாவது கிணறு வெட்டுதற்குப் பெரும்பொருள் செலவாகும் என்பதால், கிணற்றின் நடுவே மரப்பலகைகளால் தடுப்பு ஒன்றை அமைத்து, அதனை இரு பாதியாகப் பிரித்திருந்தனர். இம்முறை அக்காலத்தில் அவ்வட்டாரச் சுரங்கங்கள் பலவற்றில் வழக்கமாக இருந்தது.

காற்று இயங்கும் முறையை இங்கு அறிதல் வேண்டும். சுரங்கத்தின் அடியில் உலை ஒன்று எரிந்துகொண்டிருக்கும். சூடேறிய காற்று இலேசாகித் தடுப்பின் ஒரு புறமாக மேலெழும். அதனை ஈடுசெய்யக் குளிர்ந்த தூய காற்று மறுபுறமாகக் கீழிறங்கும். தடுப்பு உள்ளளவும் இவ்வோட்டம் நிகழும். தடுப்பு முறிந்தால் காற்றோட்டமும் முறியும்.

ஹெஸ்டர் குழியில் ஊற்றுநீர் மிகுதி. அதனை இறைக்கக் கிணற்றின் வாயில் நீராவிப்பொறி ஒன்று நிறுவப்பட்டிருந்தது. நம் நாட்டு ஏற்றத்தில் துலாமரம் ஒரு முனை தாழ மறுமுனை உயர்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அப்பொறியும் அவ்வகையினதே. ஆனால் அதன் துலா மரத்தால் ஆனதன்று; வார்ப்பிரும்பால் ஆனது. எடை 40 டன்னுக்கு மேல். ஒரு முனை பொறியின் மேலும், மறுமுனை கிணற்றின் வாய்க்கு நேர் மேலும் அமைந்து, இரவும் பகலும் ஓயாது ஏறி இறங்கிற்று. வார்ப்பிரும்பு பளுவைத் தாங்கும், ஆயினும் வளையாது, தாங்கும் எல்லை கடந்தால் முன்னறிகுறி காட்டாமல் ஒடியும். இதனை மனத்திற் கொள்க.

1862, சனவரி 16

அன்று வியாழக்கிழமை. நள்ளிரவு கழிந்தபின் இறங்கி உழைத்த தொழிலாளர் வீடு திரும்பும் நேரம். அடுத்த முறையினர் அப்போதுதான் இறங்கி முடித்திருந்தனர். ஆகவே இரு முறையினரும் ஒருங்கே சுரங்கத்துள் இருந்தனர். காலை பத்தரை மணியளவில், எட்டுப் பேரைச் சுமந்துகொண்டு தூக்குக்கூண்டு மேலே வந்துகொண்டிருந்தது.

அவ்வேளையில், பேரோசையுடன் துலா நடுவே ஒடிந்தது. 20 டன்னுக்கு மேற்பட்ட இரும்புத்துண்டு கிணற்றினுள் வீழ்ந்தது. வீழும் வழியில் மரத்தடுப்பைத் தகர்த்தது, பக்கச்சுவரைப் பெயர்த்தது, கூண்டைச் சிதைத்தது. இரும்பும் மரமும் கல்லும் ஒன்றுகூடிக் கிணற்றை அடைத்துக்கொண்டன. கூண்டில் இருந்த எண்மருள் ஐவர் மாண்டனர், மூவர் மீட்கப்பட்டனர். கீழே 199 பேர் அகப்பட்டுக்கொண்டனர். அவர்களுள் முதியோர் இருந்தனர், இளைஞர் இருந்தனர், உங்களினும் இளைய சிறுவரும் இருந்தனர்.

இறைப்பொறி நின்றமையால் அடித்தளத்தில் நீர் ஏறத் தொடங்கிற்று. தொழிலாளர் அதற்கஞ்சி, மேலுள்ள மற்றொரு கரிப்படுகைக்கு ஏறி, கிணற்றின் அருகே ஒன்றுகூடி, மீட்போரை எதிர்நோக்கிக் காத்திருந்தனர். நீருக்குத் தப்பினர், காற்றுக்குத் தப்ப இயலவில்லை. காற்றோட்டம் அற்றுப்போன சுரங்கத்தில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு பரவிற்று. அதற்கு நிறமில்லை, மணமில்லை. அது மனிதரை மெல்ல மெல்ல உறக்கத்தில் ஆழ்த்தி உயிரைக் கவர்வது.

மேலே, வில்லியம் கூல்சன் என்னும் கிணறு தோண்டும் வல்லுநரின் தலைமையில் மீட்பு வேலை இரவுபகலாக நடந்தது. கயிற்றில் தொங்கியபடியே, நொறுங்கும் சுவர்களுக்கிடையே, ஒவ்வொரு மரத்துண்டாக அகற்றினர். தலைமேல் எந்தக் கல் எப்போது வீழுமோ என்ற அச்சம் ஒருபுறம்; அடைப்பினூடே கசிந்துவந்த நச்சுக்காற்று மறுபுறம். மயங்கி வீழ்ந்தோரை மேலே தூக்கிவிட்டு, அடுத்தவர் இறங்கினர். கிணற்றின் வாயிலில் தாய்மாரும் மனைவியரும் பனியில் நின்றிருந்தனர். ஒரு திங்களுக்கு முன்னரே தம் கணவரை இழந்திருந்த விக்டோரியா அரசியாரும், உயிர்மீட்கும் நம்பிக்கை உண்டோ எனத் தந்தி வாயிலாக வினவினார்.

ஆறாம் நாளாகிய சனவரி 22-இல் வழி திறந்தது. உள்ளே சென்றோர் கண்டது பேரமைதி. எவரும் உயிருடன் இல்லை. தந்தையர் தம் மக்களை அணைத்தபடியும், உடன்பிறந்தார் ஒருவரையொருவர் பற்றியபடியும் வரிசையாகச் சாய்ந்திருந்தனர். மேற்பார்வையாளர் ஒருவரின் குறிப்பேட்டில், விபத்திற்கு மறுநாள் பிற்பகலில் அவர்கள் கூடி வழிபாடு நிகழ்த்தியமை எழுதப்பட்டிருந்தது. இறுதி வேளையிலும் அவர்கள் நிலைகுலையாது ஒருவருக்கொருவர் ஆறுதல் கூறினர் என்பதற்கு அவ்வேடே சான்று. மாண்டோர் மொத்தம் 204 பேர். சனவரி 26, ஞாயிறன்று, அவர்களுள் பெரும்பாலோர் அண்மையிலுள்ள எர்சுடன் தேவாலய இடுகாட்டில் அடக்கம் செய்யப்பெற்றனர். அங்கு எழுப்பப்பட்ட நினைவுத்தூணில் அவர்தம் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கூல்சனுக்குப் பொற்பதக்கமும், உடனுழைத்தோருக்கு வெள்ளிப் பதக்கங்களும் பின்னர் வழங்கப்பட்டன.

துன்பம் ஈன்ற சட்டம்

இத்தனை உயிர்கள் மாள்வதற்குக் காரணம் யாது? துலா ஒடிந்தது ஒரு காரணம். ஆயினும் அதுவே முழுக்காரணம் ஆகாது. பொறி பழுதுறுதல் உலகியற்கை. மற்றொரு வழி இருந்திருப்பின், கீழிருந்த 199 பேரும் அவ்வழியே நடந்து வெளியேறி, மாலையில் தத்தம் வீட்டில் உணவருந்தியிருப்பர். வழி ஒன்றேயாக இருந்தமையே அவர்களைக் கொன்றது.

மரண விசாரணை நடத்திய நடுவர் குழுவினரும் இதனையே உணர்ந்தனர். ஒவ்வொரு சுரங்கத்திற்கும் இரண்டாவது வழி இன்றியமையாதது என்றும், துலாக்களை வார்ப்பிரும்பால் செய்யாமல் தேனிரும்பால் செய்தல் வேண்டும் என்றும் அவர்கள் வற்புறுத்தினர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே பிரிட்டிஷ் பாராளுமன்றம் புதிய சட்டம் இயற்றியது. அதன்படி, நிலக்கரிச் சுரங்கங்களுக்கு இரண்டு கிணறுகளேனும் இருத்தல் வேண்டும். அவற்றினிடையே குறைந்தது 10 அடி அகலமுள்ள இயற்கைப் பாறை நிற்றல் வேண்டும். மரத்தடுப்பால் பிரித்துவிட்டு இரண்டு என்று கணக்குக் காட்டும் வழக்கம் இதனால் ஒழிந்தது. நிலக்கரிச் சுரங்கங்களுக்கு இரு வழிகள் வேண்டும் என நம் நாட்டு விதிகளும் இன்று கட்டளையிடுகின்றன.

மற்றொரு நன்மையும் விளைந்தது. மாண்டோரின் குடும்பங்களுக்கு நாடெங்குமிருந்து பொருள் வந்து குவிந்தது. ஆயினும், ஒவ்வொரு விபத்திற்குப் பின்னும் பிறர் இரக்கத்தை எதிர்நோக்குதல் தகாது எனத் தொழிலாளர் கருதினர். அவ்வாண்டிலேயே நார்தம்பர்லாந்து, டர்ஹாம் ஆகிய இரு மாவட்டச் சுரங்கத் தொழிலாளர்க்கென நிலையான உதவி நிதி ஒன்று அமைக்கப்பட்டது. ஒவ்வொருவரும் தம் கூலியிலிருந்து சிறுதொகை ஈந்து, விபத்துற்ற குடும்பங்களைத் தாமே தாங்கினர்.

இன்றைய ஊர்

பேரிடர்க்குப் பின் ஹெஸ்டர் குழி கைவிடப்பட்டது. சீட்டன் சுலூஸ் துறைமுகத்தின் கரி வாணிகமும் அதனுடன் நின்றது. பிற்காலத்தில் அக்கரிப்படுகை வேறு கிணற்றின் வழியே மீண்டும் எட்டப்பட்டது. 1947-இல் பிரிட்டனின் சுரங்கங்கள் நாட்டுடைமை ஆயின. பின்னர் எண்ணெயும் எரிவாயுவும் கரியின் இடத்தைப் பற்றவே, சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. நார்தம்பர்லாந்தின் கடைசி ஆழ்சுரங்கம் 2005-இலும், பிரிட்டனின் கடைசி ஆழ்சுரங்கம் 2015-இலும் மூடப்பட்டன.

ஊர் மட்டும் அழியவில்லை. 1964-இல் நிறுத்தப்பட்ட பயணிகள் ரயில், 2024 டிசம்பரில் அவ்வழியே மீண்டும் ஓடத் தொடங்கியது. அருகிலுள்ள சீட்டன் டெலவலில் நிலையமும் திறக்கப்பட்டது. முன்பு கரி சென்ற பாதையில் இன்று நியூகாசிலுக்குப் பணிக்குச் செல்வோர் செல்கின்றனர். பழைய கிணற்றின் வாய் மூடப்பட்டு, அதனைச் சூழ்ந்து நினைவுப் பூங்கா அமைந்துள்ளது. 2012-இல், நிகழ்ச்சியின் 150-ஆம் ஆண்டில், ஊரார் கூடி மாண்டோரை நினைந்து போற்றினர்.

மாணவர்களே! பள்ளியிலும் திரையரங்கிலும் தொழிற்சாலையிலும் இரண்டாவது வாயில் ஒன்றை நீங்கள் காண்கிறீர்கள். பல ஆண்டுகள் அது பயன்படாமலே இருக்கலாம். 'இதற்கு ஏன் வீண்செலவு?' என்று சிலர் வினவலாம், பூட்டியும் வைக்கலாம். அத்தகையோர்க்கு நியூ ஹார்ட்லியின் மூடிய கிணறு விடை கூறும். ஒரு வழி போதும் என்று எண்ணியோர் சேர்த்த பொருள் சிறிது. அதற்கு ஈடாகச் சென்ற உயிர்கள் 204. வருமுன் காப்பதே அறிவு. வந்தபின்னேனும் கற்றுக்கொள்வது கடமை.

பயிற்சி வினாக்கள்

1. நிலக்கரி தோன்றிய முறையை விளக்குக.
2. சீட்டன் சுலூஸ் என்னும் பெயர் எவ்வாறு அமைந்தது?
3. ஹெஸ்டர் குழியில் காற்றோட்டம் நிகழ்ந்த முறையையும் அது நின்ற காரணத்தையும் எழுதுக.
4. 'வழி ஒன்றேயாக இருந்தமையே அவர்களைக் கொன்றது' - இக்கூற்றினை ஆராய்க.
5. உங்கள் பள்ளிக் கட்டடத்தில் ஆபத்துக் காலத்தில் வெளியேறும் வழிகள் எத்தனை? அவை திறந்துள்ளனவா? நேரிற் கண்டு ஒரு பத்தி எழுதுக.