கறுத்த வாழைப்பழமும் மாலைப் பசியும்

லங்காவின் தள்ளுவண்டிகளில் இருள் கவிந்த பிறகு விலை மலிந்து கிடக்கும் பண்டம் ஒன்று உண்டு. தோலெல்லாம் கரும்புள்ளி விழுந்து, காம்பு தளர்ந்து, தொட்டால் குழையும் நிலையிலுள்ள வாழைப்பழமே அது. காலையில் டஜன் கணக்கில் கண்டிப்பான விலைக்கு விற்ற அதே பழம், இப்பொழுது கேட்ட விலைக்குக் கிடைக்கிறது. அடுத்த வண்டியிலோ சமோசாவும் கச்சோரியும் எண்ணெயில் மிதந்துகொண்டிருக்கின்றன. ஆய்வுக்கூடத்திலிருந்து களைத்துத் திரும்பும் நம்மவர்கள் எந்த வண்டியின் பக்கம் ஒதுங்குகிறார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. விடுதியில் இராச்சாப்பாட்டுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது; பசியோ பொறுப்பதாயில்லை. ஆண்டு முழுவதும் அந்த இடைவேளையை எண்ணெய்ப் பண்டத்தால் நிரப்பி வந்தால் பணமும் கரைகிறது, உடலும் கெடுகிறது. கறுத்த பழத்தை வேண்டாமென்று தள்ளுவதற்கு முன், அதனுள் என்ன நடந்திருக்கிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

நம் மொழியில் காய், செங்காய், பழம் என்பவற்றோடு ‘அளிந்த பழம்’ என்றொரு நிலையும் உண்டு. அளிதல் வேறு, அழுகுதல் வேறு. அளிந்தது மிகக் கனிந்தது. அழுகியது கிருமிகளால் கெட்டது. வடக்கே வந்தபின் இந்தச் சொல்லை நம்மில் பலர் மறந்துவிட்டோம். புள்ளி விழுந்தவுடன் ‘கெட்டுப் போயிற்று’ என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிடுகிறோம்.

பச்சை வாழைக்காயின் சதையில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் மாப்பொருள் இருக்கும். சர்க்கரை ஒன்றிரண்டு கிராம்தான். பழுக்கும்பொழுது நொதிகள் இம்மாப்பொருளை வெட்டிக் கரும்புச் சர்க்கரை, குளுக்கோஸ், பிரக்டோஸ் ஆகிய மூன்று இனிப்புகளாக மாற்றுகின்றன. நன்கு பழுத்த மேசைப்பழத்தில் கணக்குத் தலைகீழாகிவிடும்: மாப்பொருள் ஒன்றிரண்டு கிராம், மற்றவை பெரும்பாலும் சர்க்கரை. மொத்த அளவு கூடுவதில்லை என்பதைக் கவனியுங்கள். பழம் மூச்சுவிடுவதில் சிறிதளவு செலவாவதால் உண்மையில் சற்றுக் குறையவே செய்கிறது. அளிந்த பழம் தித்திப்பது புதிதாகச் சர்க்கரை சேர்ந்ததனால் அன்று, இருந்ததே உருமாறியதனால். இதனுடன் செல்களை ஒட்டவைத்திருந்த பெக்டின் என்னும் பசையும் கரைந்துவிடுகிறது. அதனால்தான் முள்கரண்டியால் அழுத்தினாலே பழம் கூழாகிறது.

இத்தனையையும் தொடங்கி வைப்பது எத்திலீன் என்னும் எளிய வாயு. புனித பீட்டர்ஸ்பர்க்கில் நெல்யூபோவ் என்னும் ரஷ்ய அறிஞர், விளக்கெரிக்கும் வாயுவிலுள்ள எத்திலீன் பட்டாணி முளைகளைக் கோணச் செய்வதை 1901-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பழுக்கும் கனி தானே இவ்வாயுவை உண்டாக்குகிறது என்பதை 1934-இல் இங்கிலாந்தில் ரிச்சர்டு கேன் மெய்ப்பித்தார். வாழை, மா போன்ற கனிகள் ஒருமுறை எத்திலீனை வெளிவிடத் தொடங்கினால் அதுவே மேலும் எத்திலீனைத் தூண்டும். ஒரு சீப்பில் ஒரு பழம் பழுத்தால் மற்றவையும் அடுத்தடுத்துப் பழுப்பதன் மருமம் இதுதான். நம் ஊர்களில் தாரை அறையில் அடுக்கிப் புகைமூட்டம் போடுவார்கள் அல்லவா? அந்தப் புகையில் எத்திலீன் உண்டு. வெப்பமும் கூடவே கிடைக்கிறது. வேதியியல் கற்காமலே கைவந்த வேதியியல் அது. இன்று பெருவணிகர்கள் குளிரறையில் அளவான எத்திலீனைச் செலுத்திப் பழுக்க வைக்கிறார்கள்; சட்டம் இதை அனுமதிக்கிறது. கால்சியம் கார்பைடு கல்லை வைத்துப் பழுக்கவைப்பதையோ தடை செய்திருக்கிறது.

தோல் கறுப்பதற்கும் இனிப்புக்கும் நேரடியான தொடர்பு இல்லை. தோலின் செல்கள் உடையும்பொழுது அவற்றிலுள்ள பீனாலிகப் பொருள்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு நொதியின் துணையால் கூடிப் பழுப்பு நிறம் பெறுகின்றன. நறுக்கிய கத்தரிக்காய் கறுப்பதும் இதே வினைதான். ஆகவே புள்ளியைக் கண்டு அஞ்ச வேண்டாம், மூக்கை நம்புங்கள். காம்பு வெட்டில் வெண்பூஞ்சை படர்ந்திருந்தாலோ, சாறு கசிந்து புளித்த வாடை அடித்தாலோ அந்தப் பழம் நமக்கு ஆகாது. காசியில் அதற்கும் உரியவர் இருக்கிறார். வீதியில் காளைக்குக் கொடுத்துவிடலாம்.

இங்கே ஒரு வதந்தியையும் தீர்த்துவிடுவது நல்லது. ‘கரும்புள்ளி விழுந்த வாழைப்பழத்தில் புற்றுநோய்க் கட்டியை அழிக்கும் பொருள் இருக்கிறது, ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்னும் செய்தி பல ஆண்டுகளாகக் கைபேசிக்குக் கைபேசி தாவிக்கொண்டிருக்கிறது. விடுதிச் சுவரொன்றில் கூட இதைக் கண்டேன். அப்பொருளாகச் சொல்லப்படுவது டி.என்.எஃப். என்னும் புரதம். அதை உண்டாக்குவன நம் உடலின் நோயெதிர்ப்புச் செல்கள். வாழை மரம் அன்று. அப்படியே ஒரு பழத்தில் இருந்ததாக வைத்துக்கொண்டாலும், உண்ட புரதம் வயிற்றில் சிதைந்து செரித்துப் போகும். விலங்குச் சோதனை ஒன்றின் முடிவுக்கு யாரோ வால் முளைக்கச் செய்து விட்டார்கள். அறிவியல் மாணவர்களே இதை அடுத்தவருக்கு அனுப்புவதைக் காணும்பொழுது வருத்தமாயிருக்கிறது. நோயுற்றவர் வீட்டில் இத்தகைய செய்தி என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனிச் சமையலுக்கு வருவோம். வெளியே அறை எடுத்து அடுப்பு வைத்திருப்போருக்கு முதலில் சொல்லுகிறேன். விடுதிவாசிகள் சற்றுப் பொறுக்க.

அளிந்த பழத்தில் கேக் செய்வது அமெரிக்கரின் வழக்கம். சமையல் சோடாவும் பேக்கிங் பவுடரும் வீடுதோறும் புழங்கத் தொடங்கிய பின், 1930-களில், அவர்களுடைய சமையல் நூல்களில் அது நிலையான இடம் பெற்றது. 2020-இல் ஊரடங்கின்பொழுது உலகமே அதைச் செய்து பார்த்தது. நமக்கு மின் அடுப்புப் பெட்டி வேண்டியதில்லை. கனமான பிரஷர் குக்கர் போதும்.

தோல் நீக்கிய பழம் 300 கிராம், அதாவது நடுத்தரப் பழம் மூன்று. சப்பாத்திக்கு வைத்திருக்கும் கோதுமை மாவு 150 கிராம். வெல்லத்தூள் 50 கிராம். கடலை எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி. கெட்டித் தயிர் இரண்டு மேசைக்கரண்டி. சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, தட்டையாக வழித்தது. ஒரு சிட்டிகை உப்பு, மூன்று ஏலக்காய், வறுத்துத் தோலுரித்த நிலக்கடலை ஒரு கைப்பிடி. பழத்தைக் கூழாக மசித்து, வெல்லம், எண்ணெய், தயிர் கூட்டிக் கலக்குங்கள். மாவையும் சோடாவையும் தனியே சலித்து அதில் கொட்டி, வெண்மை மறையும் வரையில் மட்டும் கிளறுங்கள். சப்பாத்தி மாவைப் போலப் பிசைந்தால் கோதுமைப் புரதம் வலைபின்னிக்கொண்டு கேக் ரப்பராகிவிடும். எண்ணெயை முற்றிலும் நீக்கினாலும் இதே கதிதான். எண்ணெய் அந்த வலையை நெருங்கவிடாமல் காக்கிறது. பழக்கூழின் ஈரமும் குழைவும் பாதி எண்ணெயைக் குறைக்க உதவும், முழுவதையும் அன்று.

சோடாவின் அளவில் கை தாராளம் கூடாது. பழத்திலும் தயிரிலும் உள்ள அமிலங்களோடு சேர்ந்து அது கரியமில வாயுவை வெளிவிடுகிறது. மாவு உப்புவது அதனால். அமிலம் தீர்ந்தபின் எஞ்சும் சோடா சோப்பு ருசி தரும், கேக்கையும் கறுப்பாக்கும். கலந்தவுடன் வாயு வெளியேறத் தொடங்குவதால் மாவைக் காத்திருக்க வைக்காதீர்கள்.

குக்கரின் அடியில் இரண்டு விரல் உயரம் கல்லுப்புப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையமோ தட்டோ வைத்து, பத்து நிமிடம் காயவிடுங்கள். மூடியின் ரப்பர் வளையத்தையும் குண்டையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மாவை ஊற்றி உள்ளே வைத்து, சிறு தீயில் 45 முதல் 50 நிமிடம் வேகவிடுங்கள். தீ சிறிதாக இருப்பது முக்கியம். குளுக்கோஸும் பிரக்டோஸும் வெள்ளைச் சர்க்கரையைவிட விரைவில் சிவந்து கருகும். உள்ளே வேகுமுன் வெளியே தீய்ந்துவிடும். நடுவில் குத்திய கத்தி ஒட்டாமல் வந்தால் வெந்தது என்று பொருள்.

இதைச் சிலர் ‘சர்க்கரை இல்லாத கேக்’ என்கிறார்கள். இந்த ஒரு சொல்லில் ஆபத்து இருக்கிறது. என் நண்பர் ஒருவர் சென்ற விடுமுறையில் வெல்லத்தையும் நீக்கிவிட்டு இதைச் செய்து, நீரிழிவு உள்ள தம் தந்தையாருக்கு எடுத்துச் சென்றார். மகன் சொல்லை நம்பிப் பெரியவர் ஒரே மாலையில் பாதிக் கேக்கை உண்டுவிட்டார். மறுநாள் சோதனையில் எண் ஏறியிருந்ததைக் கண்டு வீடே திகைத்தது. திகைக்க என்ன இருக்கிறது? கணக்குப் போடுவோம். 300 கிராம் பழத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையுமாகச் சுமார் 69 கிராம். கோதுமை மாவில் 97. வெல்லத்தில் 45. மொத்தம் 211 கிராம். பத்துத் துண்டாக்கினால் ஒவ்வொன்றிலும் 21 கிராம். அதாவது 30 கிராம் மாவில் செய்த ஒரு சப்பாத்திக்குச் சற்று மேல். வெல்லத்தை நீக்கினாலும் 16 கிராமுக்குக் குறைவதில்லை. மேலும், காய் நிலையில் செரிக்காமல் பெருங்குடல் வரை போயிருக்கக் கூடிய மாப்பொருள், அளிந்த பழத்தில் விரைவில் இரத்தத்தில் கலக்கும் சர்க்கரையாகி நிற்கிறது. நீரிழிவு உள்ளவர் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, ஒரு சப்பாத்தியைக் குறைத்து ஒரு துண்டு உண்ணலாம். அவரிடம் எண்ணைச் சொல்லிக் கொடுங்கள். ‘இல்லை’ என்று சொல்லிக் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் கடைக் கேக்கைவிட இது எவ்வகையில் மேல்? வழக்கமான கேக்கில் மைதாவும் சர்க்கரையும் ஏறக்குறையச் சம எடை. கொழுப்பும் அதற்குச் சற்றே குறைவு. நம்முடையதில் தவிடு நீங்காத மாவு, அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வெல்லம், நிலக்கடலையின் புரதம், பழத்தின் நாரும் பொட்டாசியமும். வெல்லம் சர்க்கரையைவிட உயர்ந்த சத்துணவு என்று நான் வாதாட மாட்டேன். அதுவும் பெரும்பாலும் சர்க்கரைதான், மணத்துக்காகச் சேர்க்கிறேன்.

பணியாரக்கல் வைத்திருப்போருக்கு இதைவிட எளிய வழி உண்டு. (என் பெட்டியில் பாட்டியார் வைத்தனுப்பிய கல் நான்கு இரயில் மாறியும் உடையாமல் வந்தது.) இரண்டு பழம், ஒரு கிண்ணம் கோதுமை மாவு, கால் கிண்ணம் அரிசி மாவு, கரைத்து வடிகட்டிய வெல்லம் சிறிது, தேங்காய்த் துருவல், ஏலம். இட்லி மாவுப் பதத்தில் கரைத்து அரைமணி ஊறவைத்து, குழிக்கு நான்கைந்து சொட்டு எண்ணெயில் சுட்டெடுக்கலாம், சோடா வேண்டாம். திருக்கார்த்திகைக்கு நம் வீடுகளில் சுடும் அப்பத்தின் உறவுதான் இது. உறவினர் இன்னும் இருக்கின்றனர். கேரளத்து உண்ணியப்பத்தில் இதே பழமும் வெல்லமும். மங்களூர் நண்பர்கள் மைதாவில் பழமும் தயிரும் பிசைந்து ‘பன்’ என்று பொரிப்பார்கள். வங்காளிகளுக்கு ‘கலார் படா’. இந்நாட்டில் அளிந்த பழத்தை வீணாக்காதிருக்க ஒவ்வொரு பாட்டியும் ஒரு வழி கண்டிருக்கிறாள். எல்லாம் எண்ணெயில் மூழ்குபவை என்பது ஒன்றே குறை. அவற்றுள் உண்ணியப்பமும் வங்காளப் பண்டமும் நம் குழியில் அடங்கிவிடும். சென்ற குளிரில் வங்காள நண்பரின் மாவை என் கல்லில் சுட்டோம். அவர் அதைப் பணியாரம் என்று ஒப்பவில்லை. நான் ‘படா’ என்று ஒப்பவில்லை. தட்டு மட்டும் காலியாயிற்று.

விடுதியில் இருப்போருக்கு: அறைக்குள் மின் அடுப்பை ஒளித்து வைத்து நான் சொன்னதாகப் பெயர் சொல்லாதீர்கள். தீயே வேண்டாத பண்டம் ஒன்று இருக்கிறது. வறுத்த அவலைக் கையாலேயே நொறுக்கி, உடைத்த நிலக்கடலையும் சிறிது எள்ளும் கலந்து, ஓர் அளிந்த பழத்தை விட்டுப் பிசைந்து உருண்டை பிடியுங்கள். வறுத்த அவலும் கடலையும் கடையில் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. இரண்டு உருண்டை ஒரு மாலையைத் தாங்கும். பிடித்த அன்றே உண்டுவிட வேண்டும்.

பழனிப் பஞ்சாமிர்தம் நாட்கணக்கில் கெடாதிருக்கும்பொழுது இவ்வுருண்டை ஏன் கெடுகிறது என்று கேட்கலாம். பஞ்சாமிர்தத்தில் தண்ணீர் சேர்ப்பதில்லை. பழத்தின் ஈரத்தைச் சர்க்கரையும் தேனும் பேரீச்சையும் பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமிக்கு அருந்த நீர் கிடைப்பதில்லை. நம் உருண்டையிலும் கேக்கிலும் இனிப்பைக் குறைத்துவிட்டோம். அதனால் காவலும் குறைந்தது. கேக்கைக் கோடையில் ஒரு நாளும், குளிரில் இரண்டு மூன்று நாளும் வைக்கலாம்.

வாங்கும் பருவத்தையும் சொல்லிவிடுகிறேன். மே மாதத்தில் மஞ்சள் பழம் இரண்டே நாளில் அளிந்துவிடும். ஆகவே சமைக்கும் அன்றே வாங்குங்கள். ஜனவரிப் பனியில் கதை வேறு. ஏறக்குறைய 13 டிகிரிக்குக் கீழ் வாழையின் தோல் குளிரால் நொந்து கறுத்துவிடும்; உள்ளே சதை கனிந்திராது. அக்காலத்தில் கறுப்பை நம்பி வாங்கினால் ஏமாற்றந்தான். விரலால் அழுத்திப் பாருங்கள்; கடினமாயிருந்தால், பழுத்த கொய்யா ஒன்றையும் உடன் வைத்துக் காகிதப் பையில் மடித்து, அறையில் வெதுவெதுப்பான மூலையில் இரண்டு மூன்று நாள் விட்டுவையுங்கள்.