கூதிர்க்காலக் காவிரியும் மீன்பிடி தொழிலும்

முன்னுரை

ஓராண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தனர் நம் முன்னோர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்க்காலமாம். ஆங்கில நூல்களைத் தமிழில் பெயர்ப்போர் இப்பருவத்தை இலையுதிர்காலம் என்று எழுதுவர். மேனாட்டுக்கு அது பொருந்தும். நம் நாட்டிலோ இக்காலத்தில் வாடைக்காற்றும் மழையும் பெருகுதலின், உதிர்வதினும் தளிர்ப்பதே மிகுதி. ஆகவே தருமபுரி மாவட்டத்துக் காவிரிக்கரையில் இப்பருவத்தே நிகழும் மீன்பிடி தொழிலை ஆராயப் புகும் இக்கட்டுரை, கூதிர் என்னும் பழம்பெயரையே மேற்கொள்கின்றது. பெயரைப்பற்றிய இவ்வாராய்ச்சி வீணன்று. மீனின் பெயர்களைப்பற்றியும் இறுதியில் ஒரு வினா எழும்.

ஆறும் பருவமும்

குடகு நாட்டுத் தலைக்காவிரியிற் பிறந்து கருநாடகத்தைக் கடந்து வரும் காவிரி, தமிழகத்துட் புகுந்ததும் பென்னாகரம் வட்டத்து ஒகேனக்கல்லில் பாறைகளிடையே பல பிரிவாய்ப் பிளந்து வீழ்கின்றது. கன்னடத்தில் ‘ஹொகே’ என்பது புகை. ‘கல்’ என்பது பாறை. வீழும் நீரின் திவலை புகைபோல் எழுதலின் இப்பெயர் வந்தது. தருமபுரி நகரினின்றும் ஏறத்தாழ 46 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது இவ்விடம். சின்னாறு காவிரியொடு கலப்பதும் இங்கேயே. அதியமானுடைய தகடூர் என்று இலக்கியம் போற்றும் ஊரே இன்றைய தருமபுரி என்பதைத் தமிழ் மாணவர் அறிவர்.

இப்பகுதிக்கு இருவகை மழையாலும் நீர் வருகின்றது. ஆனி முதல் ஆவணி வரை குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழையால், இங்கு ஒரு துளி விழாத நாளிலும் வெள்ளம் கரைபுரண்டு வரும். ஐப்பசி பிறந்த பின்னரோ வடகிழக்குப் பருவமழை இவ்வட்டாரத்துக் காடுகளிலேயே பெய்து, சிற்றோடைகளின் வழியாகச் செந்நீரை ஆற்றிற் சேர்க்கும். முதல் வெள்ளம் வடிந்து நீர் தெளியத் தொடங்குதலும், இரண்டாம் மழையால் அது மீண்டும் கலங்குதலும் மாறி மாறி நிகழ்வதே கூதிர்க்காலக் காவிரியின் இயல்பு. அதன் மீன்பிடி தொழிலும் இவ்விரண்டையும் ஒட்டியே நடைபெறும்.

மீன்களின் இயல்பு

வடநாட்டு ஸ்காத்துலாந்தின் ஆறுகளில் சால்மன் என்னும் மீன் கடலினின்றும் மேலேறி, அந்நாட்டின் இலையுதிர்காலத்து இறுதியில் முட்டையிடும். நம் ஆற்றுக் கெண்டை வகைகளோ பெரும்பாலும் வெள்ளக் காலத்திலேயே அத்தொழிலை முடித்துக்கொள்வன. புதுவெள்ளம் வந்ததும் அவை நீரை எதிர்த்து ஏறி, கரையோரத்து ஆழமில்லாத இடங்களில் முட்டையிடும். ஆகவே கூதிர்க்காலத்தில் ஆற்றிலுள்ளவை இளைத்த தாய் மீன்களும், வளருகின்ற குஞ்சுகளுமாம். இவ்வுண்மையை மனத்திற் கொள்ளாமல் இக்காலத்து மீன்பிடி தொழிலைப்பற்றி எதுவும் கூற இயலாது.

நீர் கலங்கியிருக்கும்போது கண்ணால் இரை தேடும் மீன்கள் ஒதுங்கி நிற்கும். கெளிறு என இலக்கியத்தும் கெளுத்தி என வழக்கத்தும் கூறப்படும் மீனோ, தன் மீசையாலும் மோப்பத்தாலும் இரையை அறியுமாதலின், கலங்கல் நீரிலும் தூண்டிலிற் படும். நீர் தெளிந்தபின் கெண்டை இயங்கத் தொடங்கும்.

கெண்டை என்பது ஒரு மீனின் பெயரன்று, ஓரினத்தின் பெயர். வெண்கெண்டை, சேற்கெண்டை, கருமுழிக்கெண்டை எனப் பல அதன்கண் அடங்கும். மகளிர் கண்ணுக்குக் கயலையும் சேலையும் கெண்டையையும் உவமை கூறும் புலவர் மரபினை நாம் வகுப்பறையிற் படிக்கின்றோம். அம்மூன்றையும் நீரிலே கண்டு வேறுபாடறிந்தவர் நம்முள் எத்துணையர்? வலைஞரோ செதிலின் நிறத்தாலும் உதட்டின் வடிவாலும் நொடியில் அவற்றைப் பிரித்தறிவர்.

பரிசலும் வலையும்

இத்தொழிற்கு இன்றியமையாத ஊர்தி பரிசல். மூங்கிற் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, அதன்மேல் முற்காலத்தில் தோலைப் போர்த்தினர். இக்காலத்தில் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தித் தார் பூசுகின்றனர். முன்னும் பின்னும் இல்லாத வட்ட வடிவினதாகலின் பாறையிடுக்குகளிற் சுழன்று செல்லும்; மிக ஆழமில்லாத நீரிலும் மிதக்கும்; ஒருவரே தலைமேற் கவிழ்த்துச் சுமந்து கரையேறலாம். ஈராக்கு நாட்டு டைகிரிசு ஆற்றிலும், வேல்சு நாட்டு ஆறுகளிலும் இதற்கு ஒப்பான தோணிகள் உண்டு. சென்னை மாகாண மீன்துறையின் தலைவராய் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்பார், உலகத்து நீரூர்திகளைப்பற்றி 1946-இல் வெளியிட்ட பெருநூலில் இவ்வகைத் தோணிகளையும் ஆராய்ந்துள்ளார். பரிசல் என்பது பரிசில் எனவும் வழங்கும். புலவர் பெறும் கொடைக்கும் பரிசில் என்றே பெயர். இரண்டற்கும் தொடர்பு இருப்பினும் இல்லாவிடினும், ஆற்றங்கரைக் குடிகளுக்கு வாழ்வளிக்கும் பரிசில் இதுவே எனலாம்.

ஒகேனக்கல்லுக்குக் கீழே மேட்டூர் நீர்த்தேக்கத்தின் மேற்பகுதி தொடங்குகின்றது. நாகமரை முதலிய ஊர்களில் வாழும் மீனவர் இருவர் இருவராகப் பரிசலிற் செல்வர். ஒருவர் துடுப்பிட, மற்றவர் வலையை நீரில் விடுவார். மாலையில் விட்ட வலையை வைகறையில் எடுப்பர். இவர்கள் பெரிதும் கையாள்வது ரங்கூன் வலை. இது நீரில் திரைபோல் தொங்கும். மீன் அதன் கண்ணுள் தலையை நுழைத்துச் செவுளால் மாட்டிக்கொள்ளும். எனவே எந்த மீன் படும், எது தப்பும் என்பதனைத் தீர்மானிப்பது வலைக்கண்ணின் அளவேயாம். அகன்ற கண் குஞ்சினைப் போகவிடும்; குறுகிய கண் ஒன்றையும் விடாது. பருத்தி நூல் வலை போய் நைலான் வலை வந்தபின், வலையின் ஆயுளும் பெருகிற்று. அதற்கு அகப்படும் மீனின் தொகையும் பெருகிற்று.

அணையும் புதுமீனும்

1925-இல் தொடங்கி 1934-இல் முடிவுற்ற மேட்டூர் அணை, 120 அடி வரை நீரைத் தேக்கி, 93.47 டி.எம்.சி. கொள்ளத்தக்கது. தஞ்சை நிலங்கட்கு அது செய்த நன்மையை யாரும் மறுக்கார். மீனவர்க்கும் அது ஒரு புதுக்கடலையே அளித்தது எனல் மிகையன்று. எனினும் ஆற்றில் ஏறியும் இறங்கியும் வாழும் மீனுக்கு அது ஒரு சுவர். ஓடும் நீரில் வாழ்ந்து பழகிய கெண்டை வகைகள் சில தேங்கிய நீரிற் குறைந்துபோயின. அவற்றின் இடத்தை நிரப்பக் கட்லா, ரோகு முதலிய வடநாட்டு மீன்களின் குஞ்சுகள் விடப்பட்டன. ஆப்பிரிக்காவிற் பிறந்து 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியாவும் காவிரியிற் பரவிற்று. அதற்கு நம் மக்கள் ஜிலேபிக்கெண்டை என்று பெயரிட்டனர். சங்கப் புலவர் எவரும் கண்டறியாத மீன் கெண்டை என்னும் பெயரைப் பெற்றுவிட்டது. பெயருக்குரிய பழைய கெண்டையோ அருகி வருகின்றது.

இதனினும் வருந்தத்தக்கது, ஆங்கில நூலாசிரியர் மகசீர் என வழங்கும் பெருங்கெண்டையின் நிலை. அதனுள் திமிலுடைய வகை உலகில் காவிரியாற்றுப் படுகையிலன்றி வேறெங்கும் இல்லை. காவிரியின் கிளையாகிய கபினியில் 1946-இல் தூண்டிலிற் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு நிறையுடையது. மேனாட்டு வேட்டைக்காரர் நெடுங்காலம் இதனைத் தேடி வந்தும், அறிவியலார் இதன் சரியான பெயரை உறுதிப்படுத்தியது 2018-ஆம் ஆண்டிலேதான். ‘டார் ரெமாதேவி’ என்பது அப்பெயர். அதே ஆண்டில் இது அழிவின் விளிம்பிலுள்ள உயிர்களின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அணைகளும், தோட்டா வெடித்து மீன் கொல்லும் கொடுமையும், மகாராட்டிரத்து லோனாவாலாவிற் பொரிக்கப்பட்டு இங்கு விடப்பட்ட வேறொரு மகசீர் வகையின் பெருக்கமும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. வெடியையும் நஞ்சையும் இட்டு மீன் பிடித்தலை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே விலக்கியது. 2022-இல் தருமபுரி, கிருட்டினகிரி மாவட்டக் காடுகளில் காவிரி தெற்கு வனவுயிர்ச் சரணாலயமும் அமைந்தது. சட்டம் முந்திற்று, காவல் பிந்திற்று.

இனி, மீனவரைக் குறைகூறி நாம் ஒதுங்குதல் முறையன்று. ஒகேனக்கல்லுக்குச் சென்று பொரித்த மீனை விரும்பி உண்பவர் நாமே. சிறிய மீனையும் விலை கொடுத்து வாங்குவோர் உள்ளவரை, வலைக்கண்ணை அகற்றுக என்று அன்றாடம் உழைத்து உண்பவனுக்கு அறிவுரை கூறுதல் எளிது. அவன் அதனைக் கேட்டு ஒருநாட் பிடிப்பை இழப்பதே அரிது. கூதிர்க்காலத்துக் குஞ்சுகளைத் தப்பவிடும் பொறுப்பு, வலையிடுவோனோடு வாங்குவோனையும் சார்ந்தது.

முடிவுரை

பெரும்பாணாற்றுப்படை என்னும் நூலில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு வாளைமீனைக் காட்டுகின்றார். தூண்டிலிலுள்ள இரையைக் கவர்ந்து தப்பிய அது, கரையிலுள்ள பிரம்பின் நிழல் நீரில் நடுங்கக் கண்டு, அதனையும் தூண்டிற்கோல் என்றே அஞ்சுகின்றதாம். மீனின் இயல்பை நேரிற் கண்டவரன்றி இதனைப் பாடுதல் இயலாது. அன்று தூண்டிலுக்குத் தப்பிய ஆற்றுவாளை, இன்று உலக அளவில் அழிவை நோக்கிச் செல்லும் இனங்களுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது.

நிகண்டிலும் அகராதியிலும் மீன்பெயர்கள் நிறைய உள்ளன. அவற்றிற்கு உரை கூறும் நாம், ‘ஒருவகை மீன்’ என்று எழுதி அமைகின்றோம். ஆற்றில் மீன் இல்லாமற் போய், அதனைப் பெயர் சொல்லி அழைக்கும் மீனவரும் இல்லாமற் போனால், அவ்வுரைக்கு மேல் ஒரு சொல்லும் கூற எவராலும் இயலாது. ஆதலின் தமிழ் பயிலும் நண்பர்கள் விடுமுறையிற் காவிரிக்கரைக்குச் செல்வாராயின், அருவியை மட்டும் கண்டு மீளாது, வைகறையில் பரிசல்கள் கரைசேரும் துறைக்கும் செல்வாராக. அங்குக் கூடைக்குள் கிடக்கும் ஒவ்வொரு மீனின் பெயரையும் பிடித்தவரிடமே கேட்டு எழுதிக்கொள்வாராக. கெண்டை, சேல், கயல் என்பவை உவமைச் சொற்களாக மட்டும் எஞ்சாமல், நீரில் ஓடும் உயிர்களாகவும் நிற்கவேண்டுமாயின், அவற்றை அறிதலே முதற்படி.