ஹெராக்ளிஸின் மகளும் பள்ளிமடத்துப் பாண்டியனும்

கிரேக்கப் புராணங்களின் தெய்வங்களும் வீரர்களும் துயரில் வீழ்ந்த அரசர்களும் தமிழ் வாசகருக்கு இன்று அந்நியமானவர்கள் அல்லர். அவர்களைப் பற்றிய பேச்சு வளர வளர, அவர்களைப் பாண்டியரோடு முடிச்சுப் போடும் கூற்றுகளும் கூடவே வளர்ந்துள்ளன. பரளச்சியை உள்ளடக்கிய திருச்சுழி வட்டத்தில், கரிசலும் கண்மாயும் மானாவாரி வெள்ளாமையுமாக விரியும் நிலத்தில், குண்டாற்றங்கரைப் பள்ளிமடம் என்னும் ஊரில் பாண்டிய அரசன் ஒருவனின் நினைவாக எடுக்கப்பட்ட கோயில் நிற்கிறது. அந்தக் கோயிலை அருகில் வைத்துக்கொண்டு பார்த்தால், இக்கூற்றுகளில் எவை நிற்கும், எவை நிற்கா என்பது தெளிவாகும்.

நம்பிக்கை: பாண்டியர் கிரேக்க வீரன் ஹெராக்ளிஸின் வழிவந்தவர்கள், மதுரை மீனாட்சியே அவனுடைய மகள்.

இந்நம்பிக்கைக்கு மூலம் மெகஸ்தனிஸ். கி.மு. 300-ஐ ஒட்டிச் செலூக்கஸ் மன்னனின் தூதராகப் பாடலிபுத்திரத்தில் சந்திரகுப்த மௌரியனின் அவைக்கு வந்த இவர் எழுதிய ‘இண்டிகா’ முழுநூலாகக் கிடைக்கவில்லை. பின்வந்த எழுத்தாளர்கள் எடுத்தாண்ட பகுதிகள் மட்டுமே எஞ்சியுள்ளன. ஹெராக்ளிஸுக்கு இந்தியாவில் பண்டேயா என்றொரு மகள் பிறந்தாள் என்றும், அவள் ஆளும்படி ஒரு நாட்டையும் 500 யானைகளையும் 4,000 குதிரை வீரர்களையும் ஏறத்தாழ 1,30,000 காலாட்களையும் அவன் கொடுத்தான் என்றும், அவளை அழகுபடுத்தக் கடலிலிருந்து முத்துகளைத் திரட்டினான் என்றும் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் அர்ரியன் அவரை ஆதாரமாகக் கொண்டு எழுதுகிறார். அவளுடைய நாட்டின் 365 ஊர்களும் நாளுக்கொன்றாக முறைவைத்துத் திறை செலுத்தின என்ற செய்தி பாலியேனஸ் என்பவரின் நூலில் உள்ளது.

முத்து, தென்கோடி, பாண்டியரை ஒத்த பெயர் ஆகிய மூன்றும் சேர்வதால் இது பாண்டிநாட்டைப் பற்றிக் கேள்விப்பட்ட செய்தி என்பதில் ஐயம் கொள்ள இடமில்லை. எனினும் மெகஸ்தனிஸ் தெற்கே வந்ததற்குச் சான்று இல்லை. வடநாட்டில் வழங்கிய கதையைத்தான் அவர் எழுதிவைத்தார். மேலும் வேற்றுநாட்டுத் தெய்வங்களைத் தம் தெய்வங்களின் பெயராலேயே குறிப்பது கிரேக்கரின் பழக்கம். வடநாட்டுச் சூரசேனரும் அவர்கள் நகரான மதுராவும் போற்றியதாக அவர் கூறும் ‘ஹெராக்ளிஸ்’ கண்ணனே என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. எனவே இக்குறிப்பு காட்டுவது குருதி உறவை அன்று. பாண்டிநாட்டின் புகழும் முத்தும் கி.மு. 300 அளவிலேயே கங்கைக்கரை வரை பேசப்பட்டன என்பதையே அது காட்டுகிறது. பெண் ஒருத்தி ஆண்ட கதை மீனாட்சியை நினைவூட்டுவது உண்மைதான்; ஆனால் மலயத்துவச பாண்டியனின் மகள் தடாதகையைப் பற்றி விரிவாகப் பேசும் திருவிளையாடல் நூல்கள் மெகஸ்தனிஸுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியவை. இரண்டுக்கும் அடியில் பொதுவான பழங்கதை ஒன்று இருந்திருக்கலாம் என்ற அளவோடு நிற்பதே முறை.

நம்பிக்கை: இறந்த வீரனையும் அரசனையும் தெய்வமாக்கி வணங்குவது கிரேக்கரின் தனிவழக்கு, தமிழ்நாட்டில் அது அங்கிருந்து வந்தது.

கிரேக்கத்தில் வீரர்வழிபாடு கல்லறையோடு பிணைந்தது. தீசியஸின் எலும்புகள் எனக் கருதப்பட்டவற்றைக் கி.மு. 475 அளவில் ஸ்கைரோஸ் தீவிலிருந்து கீமோன் என்ற தளபதி ஏதென்ஸுக்குக் கொண்டுவந்ததும், ஹெராக்ளிஸுக்கு ஒருமுறை இறவாத தெய்வமாகவும் மறுமுறை இறந்த வீரனாகவும் இருவகையில் பலியிடுவதே சரியானது என ஹெரோடோட்டஸ் எழுதியதும் இவ்வழக்கின் ஆழத்தைக் காட்டுவன. தமிழகத்து வழக்கு இதற்குக் கடன்பட்டதன்று. போரிலும் ஆநிரை மீட்பிலும் மாண்ட வீரனுக்குக் கல்லைத் தேர்வதிலிருந்து நட்டு வாழ்த்துவது வரையுள்ள ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் முறைப்படுத்திக் கூறுகிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டறியப்பட்ட தமிழ்-பிராமி எழுத்துள்ள நடுகற்கள், இவ்வழக்கு தமிழ் மண்ணில் எவ்வளவு தொன்மையானது என்பதற்குக் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சான்றாக உள்ளன.

அரசனுக்கு எடுத்தது பள்ளிப்படை. மறைந்த மன்னனின் நினைவிடத்தில் சிவலிங்கத்தை நிறுவி, அவன் பெயரோடு ‘ஈசுவரம்’ என்று சேர்த்து அழைக்கும் கோயிலே அது; சமணப் பள்ளியோடு அதை இணைத்துப் பேசுவது பொருந்தாது. முதலாம் ஆதித்த சோழனுக்குக் காளத்தி அருகே தொண்டைமானாட்டிலும், அரிஞ்சயனுக்கு மேற்பாடியிலும் இத்தகைய கோயில்கள் உண்டு. பள்ளிமடத்தில் இன்று காளைநாதசுவாமி கோயில் என வழங்குவதைக் கல்வெட்டுகள் திருச்சுழியல் பள்ளிப்படைச் சுந்தரபாண்டிய ஈசுவரம் என்று குறிக்கின்றன. இச்சுந்தரபாண்டியன் சொக்கநாதரின் திருவிளையாடல் பெயரன்று. 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து மறைந்த மனிதன். அவன் பாண்டிய மன்னன் வீரபாண்டியனின் தமையன் என்பது ஆய்வாளர் கருத்து.

கிரேக்க வீரன் இறந்தவனாகவே இருந்து படையலைப் பெறுகிறான். பள்ளிப்படையிலோ அரசன் லிங்கத்தில் கலந்துவிட, பெயர் மட்டும் அவனுடையதாக நின்று பூசை சிவனுக்குச் செல்கிறது. அந்தப் பூசை எப்படி நிலைத்தது என்பதையும் கவனிக்க வேண்டும். அக்காலப் பாண்டிநாட்டில் கோயில் விளக்குக்குப் பணத்தைவிட ஆடுகளையே மிகுதியாகக் கொடுத்தனர். மந்தையைப் பெற்ற இடையர் நாள்தோறும் அளந்து நெய் தரக் கடமைப்பட்டவர்; நாழியின் நான்கில் ஒரு பங்கான உழக்கு அதற்குரிய அளவாகப் பல கல்வெட்டுகளில் வருகிறது. செத்த ஆட்டுக்கும் கிழடுதட்டிய ஆட்டுக்கும் ஈடாகக் குட்டிகள் சேர்ந்து எண்ணிக்கை குறையாது என்பதால் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றனர். மழை பொய்த்தாலும் ஆடு மேய்த்துப் பிழைக்கும் வறள்நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான அறக்கட்டளை இருக்க முடியாது.

நம்பிக்கை: காயம்பட்டுக் குடிசையில் கிடந்த வீரபாண்டியனை, நந்தினி கெஞ்சியும் கேளாமல் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் வெட்டினான், அதற்குப் பழியாகவே பாண்டியரின் மெய்க்காவலரான ஆபத்துதவிகள் கரிகாலனைக் கொன்றனர்.

இது 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ புதினம் தரும் சித்திரம்; 2022-லும் 2023-லும் வந்த திரைப்படங்கள் அதை மேலும் பரப்பின. நந்தினி முழுக்க முழுக்கக் கற்பனைப் பாத்திரம். சான்றுகள் கூறுவது இவ்வளவே: வீரபாண்டியன் ‘சோழன் தலைகொண்ட’ என்றும், ஆதித்தன் ‘வீரபாண்டியன் தலைகொண்ட’ என்றும் தம்மைக் கல்வெட்டுகளில் குறித்துக்கொண்டனர், பாண்டியனின் தலையை ஆதித்தன் தன் நகரில் வெற்றித்தூணாக நாட்டினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கிறது. காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில் உள்ள இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிசோழப் பிரமாதிராசன் ஆகியோரைச் சுட்டி, அவர்களுடைய உறவினரின் நிலங்கள் பறிமுதலானதைப் பதிவு செய்கிறது. ‘பிரமாதிராசன்’ என்பது அந்தண அதிகாரிகளுக்கு அரசர் வழங்கிய பட்டம். கொலைக்கான காரணத்தைக் கல்வெட்டு கூறவில்லை.

பிந்திய இலக்கியம் முந்திய செய்தியை மறைத்துவிடுவது தமிழருக்கு மட்டும் நேர்ந்ததன்று. கிரேக்கப் புராண அரசன் ஈடிப்பஸ் கண்களைக் குத்திக்கொண்டு நாடு நீங்கினான் என்றே உலகம் நம்புகிறது. அந்த நம்பிக்கையை நிலைநாட்டியவை சோபோக்ளிஸின் நாடகங்கள். அவற்றுக்குச் சில நூற்றாண்டுகள் முந்திய ‘ஒடிசி’யிலோ அவன் துயரோடு தீப்ஸ் நகரைத் தொடர்ந்து ஆள்கிறான்.

பாண்டியரின் உண்மையான துயர நாயகன் வேறொருவன். அவனைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு. வீரபாண்டியனின் தந்தை எனக் கருதப்படும் மூன்றாம் இராசசிம்மன், வெள்ளூரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகனிடம் தோற்று மதுரையை இழந்து, உதவி நாடி இலங்கைக்குச் சென்றான். அங்குப் பிரபுக்களிடையே பூசல் மூண்டதால் தப்புல மன்னனிடமிருந்து படை கிடைக்கவில்லை. முடியையும் அரச சின்னங்களையும் அங்கேயே வைத்துவிட்டுக் கேரளத்துக்குப் போனான் என்று இலங்கையின் சூளவம்சம் கூறுகிறது. அவன் திரும்பி வந்து அவற்றைப் பெறவே இல்லை. பராந்தகன் படையனுப்பியும் அவை கிட்டவில்லை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 1017-ஐ ஒட்டி, முதலாம் இராசேந்திரனே அவற்றைக் கைப்பற்றினான். இந்திரன் கொடுத்ததாகப் பாண்டியர் போற்றிய ஆரமும் அவற்றுள் ஒன்று. எந்தக் கிரேக்க நாடகாசிரியனுக்கும் குறையாத பொருள் இதில் இருக்கிறது. எழுதத்தான் ஆள் வேண்டும்.

பள்ளிமடத்துக் கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டுத் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ 14ஆம் தொகுதியில் அச்சேறியுள்ளன. பரளச்சி, திருச்சுழிப் பகுதி ஆசிரியர்கள் மாணவர்களை அக்கோயிலுக்கு அழைத்துச் சென்று, ஒரு வரியையேனும் கல்லிலேயே படித்துக் காட்ட வேண்டும். இப்பகுதியின் எந்தப் பழங்கோயிலில் திருப்பணி நடந்தாலும் எழுத்துள்ள கற்கள்மீது மணல் வீச்சோ வண்ணப்பூச்சோ படாமல் ஊரார் காக்க வேண்டும்.