பிடிக்கவும் வேண்டும், நசுக்கவும் கூடாது



"டிரெஸ்ஸர் ஐயா, கால் நரம்ப எடுத்து நெஞ்சுல வச்சுத் தைக்கிறாங்களாமே, இடுக்கியால இழுத்தா பிஞ்சு போவாதா?" பைபாஸ் ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்கள் கேட்கும் கேள்வி இது. பயந்துபோய் நாளைத் தள்ளிப் போடுகிறவர்களும் உண்டு. ஆகவே, அந்தக் கருவிகளைப் பற்றி இன்று சொல்கிறேன்.

இருதயத்துக்கே இரத்தம் ஊட்டும் குழாய்கள் சில மில்லிமீட்டர் அகலமே இருக்கும். அவற்றில் கொழுப்பு படிந்து அடைத்தால், அடைப்பைத் தாண்டி மாற்றுப் பாதை போடுவதே பைபாஸ். அதற்குக் காலில் இருந்தோ, நெஞ்செலும்பின் உட்புறத்தில் இருந்தோ ஓர் இரத்தக் குழாயை எடுக்கிறார்கள். நாம் பேச்சில் நரம்பு என்றாலும் அது இரத்தக் குழாய்தான். கால் குழாயைக் கொண்டு செய்யும் இம்முறையை 1967-ல் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் நிலைநாட்டியவர், அர்ஜென்டினா நாட்டு டாக்டர் ரெனே ஃபவலோரோ.

பால் வெட்டுகிற உங்களுக்குத் தெரியும்: கத்தி ஆழமாகப் போய் மரத்தைக் காயப்படுத்தினால், அந்த இடத்தில் பட்டை முண்டு முண்டாக வளரும். இரத்தக் குழாயும் அப்படித்தான். அதன் உட்புறத்தில் வழவழப்பான மெல்லிய படலம் உண்டு. அது நசுங்கினால் இரத்தம் உறையும். நாளடைவில் சுவர் தடித்துப் புதுப் பாதையும் அடைபடும்.

அதற்காகவே தனிக் கருவிகள் இருக்கின்றன:

1. டிபேக்கி இடுக்கி: அமெரிக்க டாக்டர் மைக்கேல் டிபேக்கியின் பெயர் கொண்டது. இதன் நுண்ணிய பல்வரிசை, குழாயைக் கிழிக்காமல் பிடிக்கும். அப்படியும் டாக்டர் குழாயின் வெளிச்சதையைத்தான் தொடுவார். உட்படலத்தைக் கவ்வ மாட்டார்.

2. புல்டாக் கவ்வி: துணி காயப்போடும் கிளிப் போன்ற சின்னக் கவ்வி. பேருதான் நாய், கடி மெதுவானது. தைக்கும்வரை இரத்தத்தை நிறுத்தி வைக்கும்.

3. காஸ்ட்ரோவியெஹோ ஊசிபிடி: கண் டாக்டர் ஒருவரின் பெயர் கொண்டது. பேனா பிடிப்பதுபோல் விரல் நுனியில் பிடித்து, தலைமயிர் பருமனுள்ள நூலால் தைப்பார்கள்.

4. நிலைநிறுத்தி: இருதயம் துடிக்கும்போதே தைப்பதானால், தைக்கும் இடத்தை மட்டும் அசையாமல் வைக்கும் கருவி.

சுவீடன் டாக்டர்கள் 1990-களில் இன்னும் ஒரு படி போனார்கள். கால் குழாயைச் சுற்றியுள்ள கொழுப்போடு சேர்த்தே எடுத்து, குழாயில் இடுக்கி படாமலே காத்தார்கள். அப்படி எடுத்த குழாய்கள் நெடுநாள் அடைபடாமல் இருப்பதைக் கண்டார்கள்.

தோழர்களே, டாக்டர் இவ்வளவு பக்குவமாகக் காப்பாற்றிய அந்தப் படலத்தை, வீடு திரும்பியபின் கெடுப்பது யார்? நாம்தான்! சிகரெட் புகை அதைத்தான் அரிக்கிறது. கட்டுப்படாத இனிப்பு நீரும் இரத்த அழுத்தமும் அதைத்தான் கெடுக்கின்றன. ஆகவே புகையை அடியோடு விடுங்கள். "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கால் காயம் சிவந்தாலோ சீழ் வைத்தாலோ உடனே காட்டுங்கள்.

நெஞ்சு இறுகி, வலி கைக்கோ தாடைக்கோ பரவி, வேர்த்துக் கொட்டினால், வாய்வு என்று தைலம் தேய்த்துக் காத்திருக்க வேண்டாம். 999-ஐ அழையுங்கள். ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தால், அந்த நாளில் போய்ச் சேருங்கள். கருவிக்குப் பயந்து வீட்டில் இருப்பதுதான் ஆபத்து.