கடைவாய் ஈறு வீங்கினால் பொறுத்துக்கொள்ள வேண்டாம்



பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரியோடு ராத்திரியாக ஓடுகிறோம். நமக்குப் பல் வலி வந்தால் மட்டும் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறோம். இது சரிதானா?

பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள் கடைசிக் கடைவாய்ப் பல் முளைக்கும். இதுதான் ஞானப்பல். தாடையில் இடம் பத்தாவிட்டால் பல் பாதி மட்டும் வெளியே வரும். மீதியை ஈறு மூடியிருக்கும். அந்த இடுக்கில் சோறு, பருப்பு சிக்கிக் கிருமி பெருகும். ஈறு வீங்கும், வாய் நாறும், சீழ்கூட வரலாம்.

என்ன செய்யணும்?

* ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டு, தினமும் நாலைந்து தடவை கொப்பளிக்கணும்.
* மெல்லிய பிரஷ்ஷால் அந்த இடத்தையும் மெதுவாகத் துலக்கணும்.
* வலி குறைந்தாலும் பல் டாக்டரிடம் காட்டணும். இல்லாவிட்டால் திரும்பவும் வரும்.

என்ன செய்யக்கூடாது?

* ஈறில் புகையிலையோ மாத்திரையோ வைக்கக்கூடாது. புண்ணாகிவிடும்.
* நாமாகவே கடையில் மாத்திரை வாங்கி விழுங்கக்கூடாது. கர்ப்பிணிகள் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்லணும்.

"பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போயிடும்" என்பார்கள். அது உண்மை இல்லை.

காய்ச்சல், வாய் திறக்க முடியாமை இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ, எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டாலோ உயிருக்கே ஆபத்து. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

கையில் காசில்லையா? சங்கத்தில் உள்கடன் இருக்கிறதே! அடுத்த கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் கேட்போம்: "உனக்குப் பல் வலி இருக்கா, அக்கா?"