பள்ளிப் பிள்ளைகளும் கைபேசியும்



சென்ற நோன்புப் பெருநாளுக்குச் சில தினங்கள் முன்பு நடந்த ஒரு சம்பவத்திலிருந்து இப்பாடத்தைத் தொடங்குகிறோம். கெலுகோரில் மளிகைக் கடை நடத்தும் நம் அன்பர் ஒருவரின் மகள், ஆரம்பப் பள்ளியொன்றில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. ஒருநாள் பிற்பகல் அவருடைய கைபேசிக்கு, உடன் வேலை செய்யும் ஆசிரியை ஒருவரின் எண்ணிலிருந்து வாட்ஸ்அப் செய்தி வந்தது. "தவறுதலாக உங்கள் எண்ணுக்கு ஆறு இலக்கம் அனுப்பிவிட்டேன், அதை எனக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்பதே செய்தி. தெரிந்தவர் கேட்கிறார் என்று அவரும் அனுப்பினார். சற்று நேரத்தில் அவருடைய வாட்ஸ்அப் அவர் கைவிட்டுப் போயிற்று. அவ்வகுப்பின் பெற்றோர் குழுவிலுள்ள அனைவருக்கும், "அவசரம், முந்நூறு வெள்ளி வேண்டும், நாளை தருகிறேன்" என்று ஆசிரியையின் பெயரில் செய்தி பறந்தது. பெற்றோர் இருவர் பணம் அனுப்பியும் விட்டனர்.

பணத்தைப் பற்றி நாம் அதிகம் கூறப்போவதில்லை. வியாபாரத்தில் அதைவிடப் பெரிய நஷ்டங்களைக் கண்டவர்கள் நீங்கள். நம்மைத் திடுக்கிடச் செய்தது வேறு. அந்தக் குழுவில் பிள்ளைகளின் பெயர்கள் இருந்தன. விளையாட்டுப் போட்டிப் படங்கள் இருந்தன. இன்னாருடைய பிள்ளையை இன்று பாட்டனார் வந்து அழைத்துச் செல்வார், வேன் வராது என்பன போன்ற செய்திகள் இருந்தன. முகமறியாத ஒருவன் ஆசிரியையின் நாற்காலியில் ஒரு மாலை முழுவதும் அமர்ந்திருந்தான். பிள்ளைகளும் அவனைத் தங்கள் டீச்சர் என்றே எண்ணியிருந்தனர்.

இந்த ஆறு இலக்கம் யாது என்பதை முதலில் அறிவோம். ஒரு தொலைபேசி எண்ணை வேறொரு கருவியில் வாட்ஸ்அப்புக்குப் பதிவு செய்ய ஒருவன் முயன்றால், அந்த எண்ணுக்கு உரியவருக்கு ஆறு இலக்கம் கொண்ட குறுஞ்செய்தி வரும். அவ்விலக்கத்தை யார் புகுத்துகிறாரோ அவரே அக்கணக்குக்கு உடையவர் ஆகிறார். எனவே "தவறுதலாக வந்த எண்" என்று ஒன்று கிடையாது. யாரோ கதவைத் தட்டுகிறான் என்பதே அதன் பொருள். கேட்டவர் உண்மையான தோழியுமல்லர். அவருடைய கணக்கும் முந்தின நாள் இதே விதமாய்ப் பறிபோயிருந்தது. கணக்கப்பிள்ளையின் குரலில் ஒருவன் டெலிபோனில் பேசி, இரும்புப்பெட்டிச் சாவியைப் பையன் கையில் கொடுத்தனுப்பச் சொன்னால் நாம் அனுப்புவோமா? முதலில் கணக்கப்பிள்ளையைத் திரும்ப அழைத்துக் கேட்போம். இங்கும் அதே விதிதான். எழுத்தில் கேட்டவரைக் குரலில் அழைத்து விசாரிக்க வேண்டும்.

இதற்கு ஒரு தாழ்ப்பாளும் உண்டு. வாட்ஸ்அப்பின் அமைப்புப் பகுதியில் 'இரண்டு படிச் சரிபார்ப்பு' என்றொன்றிருக்கிறது. அதில் நாமே ஓர் இரகசிய எண்ணை வைத்துக்கொண்டால், குறுஞ்செய்தி இலக்கம் மட்டும் கையில் கிடைத்தவனால் உள்ளே நுழைய முடியாது. இதைச் செய்ய ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகாது. ஆயினும் நாம் விசாரித்த பன்னிரண்டு கடைக்காரர்களில் இருவரே செய்து வைத்திருந்தனர்.

இது ஆசிரியர்களுக்குரிய விஷயமாயிற்றே, வணிகர்களுக்கு இதில் என்ன என்று சிலர் கேட்கலாம். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் அடைபட்டபோது, நம் பிள்ளைகள் எதில் பாடம் படித்தார்கள்? கடைக் கைபேசியில்தான். சரக்குக்கு ஆர்டர் அனுப்பும் அதே கைபேசி. வங்கிக் கணக்கும் வாடிக்கைக்காரர் எண்களும் உள்ள அதே கைபேசி. பள்ளிகள் திறந்து ஆண்டுகள் பலவாகியும் அவ்வழக்கம் போகவில்லை. பள்ளி விட்டு வந்த பிள்ளை நாசி கண்டார் கடையின் பின்மேசையில் அமர்ந்து அதையே நோண்டிக்கொண்டிருக்கிறது. பிள்ளையின் விளையாட்டில் வரும் ஒரு பொத்தான் கடையின் கல்லாவையும் திறக்கக் கூடும். கடைக்கு வரும் ஓர் ஏமாற்றுச் செய்தி பிள்ளையின் கண்ணிலும் படும். பழைய கைபேசி ஒன்றை வங்கிக் கணக்கின்றிப் பிள்ளைக்கென ஒதுக்கி, அதையும் எல்லோரும் நடமாடும் இடத்தில் வைத்துப் பயன்படுத்தச் செய்வதே நமது அபிப்பிராயம்.

கல்வி அமைச்சு 2020இல் டெலிமா என்னும் கற்றல் தளத்தைத் தொடங்கி, ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் தனித்தனிக் கணக்கு வழங்கிற்று. நல்ல ஏற்பாடு. ஆனால் அதன் கடவுச்சொல்லைப் பிள்ளையின் நோட்டுப்புத்தக அட்டையில் எழுதி வைக்கும் பெற்றோரை நாம் கண்டிருக்கிறோம். நாற்பது பிள்ளைகளுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டு, நினைவில் நிற்க எளிது என்று சொன்ன ஆசிரியரையும் கண்டிருக்கிறோம். அவரைக் குறை கூற மனம் வரவில்லை. ஏழு வயதுப் பிள்ளை நாற்பது பேர் கடவுச்சொல்லை மறந்துவிட்டு நின்றால் பாடம் நடத்துவது எப்போது? பிள்ளைக்குப் பிடித்த மூன்று நான்கு சொற்களைக் கோத்து ஒரு கடவுச்சொல் செய்து, அதை வீட்டில் தாயார் ஓரிடத்தில் குறித்து வைத்தால் இருவர் கஷ்டமும் தீரும்.

இனிப் படங்கள். 2022 ஜூலையில் கல்வி அமைச்சு, மாணவர் சட்டையில் பெயர்ப்பட்டையைத் தைத்து வைப்பதை விடுத்து, கழற்றக்கூடியதாய் அணியும்படி மாற்றியது நினைவிருக்கலாம். பள்ளிக்கு வெளியே, பிள்ளையின் பெயரைப் படித்துக்கொண்டு அந்நியன் பேச்சுக் கொடுத்துவிடக் கூடாது என்பதே காரணம். தெருவில் பட்டையைக் கழற்றிவிட்டு, அதே பெயரையும் பள்ளிச் சின்னத்தையும் வகுப்பையும் படத்தோடு முகநூலில் நாமே போட்டால் அதில் என்ன பிரயோஜனம்? நம் சங்கமும் இதற்கு விலக்கன்று. மீலாது விழாப் பரிசளிப்பில் பிள்ளைகளைத் தனித்தனியே நிறுத்திப் பெயர், பள்ளி, தகப்பனார் கடை முதலிய சகல விவரங்களுடனும் படங்களை வெளியிட்டு வந்தோம். இவ்வாண்டு முதல் கூட்டமாய் எடுத்த படங்கள் மட்டுமே, பெயரின்றி. பெற்றோர் சிலருக்கு வருத்தமே; பொறுத்துக்கொள்ளட்டும்.

எழுதக் கூசும் ஒன்றையும் எழுதியாக வேண்டும். ரிச்சர்ட் ஹக்கல் என்னும் ஆங்கிலேயன், 2006 முதல் 2014 வரை நம் நாட்டில், ஆங்கிலம் கற்பிப்பவன், தொண்டு செய்பவன் என்று சொல்லி ஏழைக் குடும்பங்களின் நம்பிக்கையைப் பெற்று, அவர்களுடைய குழந்தைகளுக்குத் தீங்கு இழைத்தான். அப்படங்களை இணையத்தின் மறைவான பகுதிகளில் பரப்பினான். 2014 டிசம்பரில் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் பிடிபட்டான். 2016 ஜூனில் அந்நாட்டு நீதிமன்றம் அவனுக்கு 22 ஆயுள் தண்டனைகள் விதித்தது. இவ்வழக்கு நம் நாட்டை உலுக்கியதன் பின்னரே, 2017ஆம் ஆண்டின் சிறுவர் மீதான பாலியல் குற்றங்கள் சட்டம் வந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையோடு கெட்ட எண்ணத்தில் பழகி வசப்படுத்த முயல்வதே, அது கைபேசி வழியாயினும், இச்சட்டப்படி குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. ஆசிரியர் போன்று நம்பிக்கைக்குரிய இடத்திலிருப்பவர் செய்தால் தண்டனை கூடுகிறது. இத்தகைய குற்றத்தை அறிந்தும் போலீசில் சொல்லாதிருப்பவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். குடும்ப மானம் போய்விடும் என்று மூடி மறைக்கும் வழக்கமுடையோர் இவ்வரியை இரண்டு முறை படிப்பார்களாக.

வசைபாடுவதும் அற்பமன்று. 2024 ஜூலையில் கோலாலம்பூரில், டிக்டாக்கில் பலரறிந்த தமிழ்ப்பெண் ஒருத்தி இணைய வசைகளைத் தாங்காது உயிர் நீத்தாள். வசைபாடிய ஒருத்திக்குக் கிடைத்தது 100 வெள்ளி அபராதம். நாடே கொதித்தது; பின்னர்த் தண்டனைச் சட்டத்தில் இத்தகைய கொடுமைக்கெனப் புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு 2025 ஜூலையில் நடப்புக்கு வந்தன. இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்து, பெரிய நிறுவனங்களின் தலையிலும் சிறுவரைக் காக்கும் பொறுப்பை வைத்திருக்கிறது. ஆனால் எந்தச் சட்டமும் பிள்ளை வாய் திறந்து சொன்ன பிறகே வேலை செய்யத் தொடங்கும்.

ஆகவேதான், பிள்ளை சொல்வதற்கு இடம் வைக்க வேண்டும் என்கிறோம். "அத்தா, ஒருத்தர் என் படம் கேட்கிறார்" என்று பிள்ளை வந்து நிற்கும்போது, கைபேசியைப் பிடுங்கி வைத்து இரண்டு அறை கொடுத்தால், அடுத்த முறை அது சொல்லாது. அந்த அந்நியனும், "வீட்டில் சொன்னால் அடிப்பார்கள்" என்றுதான் அதனிடம் சொல்லி வைத்திருப்பான். முதலில், "சொன்னது நல்லது" என்று தட்டிக் கொடுக்க வேண்டும். செய்தியை அழிக்காமல் படமெடுத்து வைக்க வேண்டும்; அவனுக்குப் பதில் எழுதிச் சண்டையிட வேண்டாம். பிறகு வகுப்பாசிரியரிடமும் போலீசிடமும் செல்லலாம். பிள்ளை ஆபத்திலிருந்தால் தாலியான் காசே 15999. பணம் பறிபோனால் உடனே 997. கணக்குப் பறிபோனது போன்ற கோளாறுகளுக்கு சைபர் 999 என்னும் உதவி மையம். இவ்வெண்களைக் கல்லாவின் மேல் ஒட்டி வைக்கலாம்.

அந்த ஆசிரியை தம் எண்ணை மீண்டும் பதிவு செய்து அன்றிரவே கணக்கை மீட்டார். இப்போது அவர் குழுவில் ஆசிரியர் மட்டுமே செய்தி போடலாம். பிள்ளையை யார் அழைத்துச் செல்வார் என்பதைப் பெற்றோர் அலுவலகத்துக்குக் குரலில் சொல்ல வேண்டும். பிள்ளைகளிடமும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்: டீச்சர் பெயரில் யாராவது தனியே செய்தி அனுப்பினால், மறுநாள் காலை முதல் மணியில் கை தூக்கிச் சொல்ல வேண்டும். முதல் வாரத்திலேயே ஒரு பையன் கை தூக்கினானாம். விசாரித்ததில், அனுப்பியது அவனுடைய அண்ணன், வேடிக்கைக்காக. பணம் அனுப்பிய பெற்றோர் இருவரும் மறுநாள்தான் 997ஐ அழைத்தனர். அந்த அறுநூறு வெள்ளி இன்னும் திரும்பவில்லை.